எரிச்சல் நின்ற கால்

பூனாகலை மலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், லயம் என்கிற வரிசை வீடுகளில் நோய் நொடி அண்டாத ஆள் யார் என்று கேட்டால் எல்லாரும் பெரியாயியின் காம்பராவைத்தான் கை காட்டுவார்கள். கேட்காதவர்களுக்குப் பெரியாயியே சொல்லிவிடுவாள். அடக்கம் அவளுக்குப் பழக்கமில்லாத பண்டம். ஐம்பதை நெருங்கும் வயதிலும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பாள். மழை கொட்டினாலும் தலைக்குச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு மலை ஏறுவாள். அந்தி நிறுவையில் அவள் கொழுந்துதான் கனக்கும். நாள் முழுக்க எடுத்து நிறுவைக்குக் குறையாமல் கொடுத்தால் தோட்டத்தில் அது முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். பெரியாயிக்கு அரைப் பேர் விழுந்ததை யாரும் கண்டதில்லை. முழுப் பேர் போடுகிறவளுக்கு என்ன சீக்கு வரும் என்பது அவள் வாதம்.

அடுத்த காம்பரா நிரஞ்சலாவுடையது. பெரியாயியை விடப் பத்து வயது இளையவள். சீனி வருத்தக்காரி, சர்க்கரை நோய். மாதம் தவறாமல் பண்டாரவளைக்குக் கிளினிக் போவாள், போன அன்று பேர் கிடையாது, கங்காணி முகத்தைச் சுளிப்பார். கால் இரண்டும் எரிகிறது என்று சிமெந்துத் தரையில் பாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லயத்துப் பெண்கள் அவளுக்குக் கிளினிக்காரி என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அந்தப் பட்டத்தைக் கட்டிய வாய் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பெரியாயிக்கும் அதே வருத்தம் இருந்ததுதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தபோது இருவருக்கும் ஒன்றாகத்தான் சீனி என்று சொன்னார்கள். இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே மாதிரி எரிச்சல். அந்த நாட்களில் வேலை விட்டு வந்ததும் இரண்டு பேரும் பீலிக்குப் போய், மலையிலிருந்து விழுகிற பச்சைத் தண்ணீரில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். உட்கார்ந்தால் அளவெடுப்பதுதான் பேச்சு. நிரஞ்சலா தனக்கு முழங்கால் வரைக்கும் ஏறுகிறது என்பாள். பெரியாயி தனக்குக் கணுக்காலோடு நிற்கிறது என்பாள். கணுக்காலோடு நிற்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. அடுத்தவளுக்குக் கூடுதல் என்று தெரிந்தால் நம்முடைய வலி பாதி குறைந்துவிடுகிறதே, மனித மனசு அப்படி.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பெரியாயி மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டாள். எரிச்சலை எடுத்துவிட்டால் பூக்குழி இறங்குகிறேன் தாயே என்று. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் தணிந்தது. முதலில் விரல்களில் விட்டது, பிறகு குதிகாலில். கடைசியில் கால் என்று ஒன்று இருப்பதே நினைவில்லாத அளவுக்குச் சுகமாகிவிட்டது. மிச்சம் கிடந்த மாத்திரைகளைப் பொட்டலத்தோடு நிரஞ்சலாவிடம் கொடுத்து, நீயே போட்டுக்கொள், எனக்கு இனி எதற்கு என்றாள். தானம் கொடுக்கிற முகம் அவளுக்கு அன்றைக்கு.

அதற்குப் பிறகு அவள் நெஞ்சு நிமிர்த்தி நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. மழைக்காலத்தில் தேயிலைத் தூருக்குள் நின்றால் அட்டை ஏறும். மற்றவர்கள் ஏறும்போதே உதறுவார்கள், சவுக்காரம் தேய்ப்பார்கள். பெரியாயி வீட்டுக்கு வந்து ரத்தத்தைக் கண்டுதான் அட்டையைப் பிடுங்குவாள். அதையும் ஒரு பெருமையாகவே சொல்லித் திரிந்தாள்.

சித்திரை கழிந்து பதுளையிலிருந்து றஷீனா என்று ஒரு பெண் வந்தாள். ஆட்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்துப் போகிற வேலை. லயத்து வாசலில் பெண்கள் கூடி உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சாயத் தண்ணியும் சீனித்துண்டும் கொடுத்தார்கள்.

"உங்கட வயசு ஆக்களோட வச்சுப் பாத்தா, உங்கட சொகம் எப்பிடியெண்டு சொல்லுவீங்க? மிச்சம் நல்லம், நல்லம், பரவாயில்ல, நல்லமில்ல. இதில ஒண்டச் சொல்லுங்க" என்று றஷீனா கேட்டாள்.

பெரியாயி ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். ஒருத்திக்கு முழங்காலில் துணிக்கட்டு. ஒருத்தி இருமிக்கொண்டே இருந்தாள். இன்னொருத்தி ஏழு படி ஏறி வந்ததற்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிரஞ்சலா பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு இருந்தாள்.

"இவுங்களையெல்லாம் பாத்துட்டு நீயே போட்டுக்க பிள்ள" என்றாள் பெரியாயி.

எல்லாரும் சிரித்தார்கள். றஷீனாவும் சிரித்தபடி மிச்சம் நல்லம் என்று போட்டுக்கொண்டாள். நிரஞ்சலா தனக்கு நல்லமில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான் என்று யாரோ சொன்னதற்கும் சிரிப்பு வந்தது.

வைகாசியில் திருவிழா. கோயிலுக்கு முன்னால் குழி வெட்டி, ஆண்கள் மலையில் தறித்த மரத்தை வண்டி வண்டியாக இறக்கி எரித்தார்கள். பெரியாயியின் புருஷன் வீரசிங்கமும் அதில் நின்றான். தேயிலைச் செடியின் கிளை கழிக்கிற கவ்வாத்து ஆள், கத்தி பழகிய கை. கட்டை பிளப்பது அவனுக்கு விளையாட்டு. மதியம் வரைக்கும் எரிந்து, தணல் சிவப்புச் சமுக்காளம் விரித்ததுபோல் ஆனது. தப்பு முழங்கியது. காப்புக் கட்டி மஞ்சள் சேலை உடுத்தி விரதம் இருந்தவர்கள் பீலியில் முழுகி வரிசையாக வந்தார்கள். நிரஞ்சலாவும் வரிசையில் நின்றாள். அவளும் அதே எரிச்சலுக்காகத்தான் நேர்ந்திருந்தாள்.

நிரஞ்சலா முதலில் இறங்கினாள். இரண்டாவது அடியிலேயே முகம் கோணியது. ஓட்டமும் பாய்ச்சலுமாகக் கடந்து பால் ஊற்றிய குழியில் போய் விழுந்து அழுதாள். பாதத்தில் கொப்புளம் கண்டது. கருவாட்டுச் சட்டியைக் கழுவிய கையோடு காப்புக் கட்டியிருப்பாள் என்று பின்னால் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பெரியாயி இறங்கியபோது தப்புச் சத்தம்கூடத் தயங்கியதுபோல் இருந்தது. அவள் ஓடவில்லை. கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிறவளைப் போல அடிமேல் அடி வைத்துப் போனாள். பாதத்துக்குக் கீழே பஞ்சு பரப்பி வைத்த மாதிரிதான் அவளுக்கு இருந்தது. நடுவில் நின்று, கோயில் பக்கம் திரும்பி, கை இரண்டையும் தலைக்கு மேலே குவித்துக் கும்பிட்டாள். தாய் தன்னை ஏந்திக்கொண்டு போகிறாள் என்று நினைத்து அவளுக்குக் கண் நிறைந்தது. கரை ஏறியதும் பெண்கள் ஓடி வந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கங்காணி சம்சாரம்கூடத் தொட்டாள்.

அன்றைக்குப் பொழுது சாய நிரஞ்சலா கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது பெரியாயி வாசலில் நின்று சொன்னாள்: "மனசு சுத்தமா இருந்தா சுடாதுடி."

நிரஞ்சலா தலையைக் குனிந்துகொண்டு பஞ்சைப் பிழிந்தாள்.

திருவிழா முடிந்து பெரட்டு தொடங்கியது. மழையும் பிடித்துக்கொண்டது. பெரியாயி வழக்கம்போல மலைக்குப் போனாள், முழுப் பேர் போட்டாள். காய்ச்சலாக உடம்பு கொஞ்சம் காய்ந்தது. நனைந்ததுதான் காரணம் என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தாள். லயத்து நாய் ஒன்று அவள் பின்னாலேயே மோந்துகொண்டு வரத் தொடங்கியது. வாயில்லா ஜீவனுக்கும் தன்மேல் பக்தி வந்துவிட்டது என்று அவள் அதற்கு ரொட்டித் துண்டு போட்டாள்.

அந்த வாரத்தில் காம்பராவுக்குள் ஒரு நாற்றம் வந்தது. எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்றான் வீரசிங்கம். கட்டிலைப் புரட்டினார்கள். விறகை எல்லாம் வெளியே அள்ளினார்கள். வீரசிங்கம் தகரக் கூரைக்குக் கீழே ஏறி, பழைய சாக்குகளை இழுத்துப் போட்டான். எலியைக் காணோம். காணாமல் போயிருந்த, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு ஒன்று மட்டும் கிடைத்தது. சாம்பிராணி போட்டால் கொஞ்ச நேரத்துக்கு அடங்கும், பெரியாயி வேலை விட்டு வந்து கதவைச் சாத்தினால் மறுபடி எழும்பும். இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எலியைத் திட்டியபடி ரொட்டியும் சம்பலும் தின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சலா கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கேட்டு வந்தாள். கோபத்தை வைத்துக்கொண்டு எண்ணெய் கேட்காமல் இருக்க லயத்தில் முடியாது. சுவர் ஒன்று, கூரை ஒன்று. பெரியாயி போத்தலை எடுக்க உள்ளே நடந்தாள். நிரஞ்சலா தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அப்போதுதான் கூட்டிய சிமெந்துத் தரையில் வலது கால் பட்ட இடம் காய்ந்திருந்தது. இடது கால் பட்ட இடமெல்லாம் ஈரம். தண்ணீர் ஈரம் இல்லை.

"அக்கா, காலத் தூக்குங்க."

"என்னடி, சேறா?"

"தூக்குங்கக்கா."

பெரியாயி சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் மடக்கிக் காட்டினாள். நிரஞ்சலா குனிந்தவள் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தாள்.

என்ன என்று கேட்க வீரசிங்கம் வந்தான். அவனும் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது அந்த வயதில் யாருக்கும் லேசில்லை. நிரஞ்சலாதான் திரும்பி வந்து, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக் காலுக்கு அடியில் பிடித்தாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி. சுற்றிலும் கறுத்து, கிழிந்து தொங்கியது தோல். குழிக்குள் பூக்குழித் தணல் ஒன்று கரியாக அப்படியே பதிந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாகப் புழு நெளிந்தது. அவர்கள் தேடிய எலி அதுதான்.

பெரியாயிக்கு அது யாருடைய காலோ என்றுதான் முதலில் பட்டது. கண்ணாடிக்குள் வேறு ஒருத்தியின் கால் எப்படி வந்தது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு விரலை அசைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளும் விரல் அசைந்தது. 

"வலிக்கலையேடி" என்றாள். அதையே மறுபடி மறுபடி சொன்னாள். வலிக்காத ஒன்று இத்தனை பெரிய புண்ணாக இருக்க முடியாது என்று அவர்களில் யாராவது ஒத்துக்கொண்டால் போதும் என்பதுபோல இருவர் முகத்தையும் பார்த்தாள். இருவரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

திரீவீலர் பிடித்துப் பண்டாரவளைக்குப் போனார்கள். அங்கே பார்த்தவர்கள் உடனே அம்புலன்ஸில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பினார்கள். நிரஞ்சலா கூடவே ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி என்றால் எந்த வாசலால் போக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவள் லயத்தில் அவள் ஒருத்திதான்.

வார்ட்டில் டாக்டர் ஷஹீலா வந்து புண்ணைப் பார்த்தார். முக்காடு போட்ட இளம் பெண். முகம் சுளிக்காமல் கரித்துண்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அது விழுந்த சத்தம் கேட்டதே தவிர, எடுத்தது பெரியாயிக்குத் தெரியவில்லை. சீனிக்கு மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டார். எப்போதோ நிறுத்தியாயிற்று என்றாள் பெரியாயி. ஏன் என்று கேட்டார்.

"எரிச்சல் நின்னு போச்சுங்க. நல்லாயிருச்சு. இந்தா நிக்கிறாளே, இவளுக்குத்தான் இன்னும் எரியுது."

டாக்டரின் கை நின்றது. நிரஞ்சலாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெரியாயியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, எரியக்குள்ள உங்கட நரம்பு உசிரோட இருந்திச்சு. அது செத்துப் போனதாலதான் எரிச்சல் நிண்டிச்சு. இவங்கட காலுக்கு இன்னும் உசிரு இரிக்கி."

பெரியாயி கேட்டுக்கொண்டிருந்தாள். வார்த்தை ஒவ்வொன்றும் விளங்கியது. மொத்தமாக உள்ளே போக மறுத்தது. போன வருஷம் முழுக்கத் தான் சுகம் என்று கொண்டாடியது என்ன? பூக்குழி இறங்கியது எதற்கு? லயத்துப் பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது எதை? 

"அப்ப, அன்னைக்குத் தீ சுட்டுச்சாங்க?" என்று கேட்டாள்.

"சுட்டிச்சு அம்மா. உங்களுக்குத் தெரியல்ல."

அவள் அழவில்லை. திகைப்பு அழுகையைவிடப் பெரிதாக இருந்தது. எல்லாருக்கும் சுட்டிருக்கிறது. ஓடி அழுதவளுக்கு அது தெரிந்திருக்கிறது, நின்று கும்பிட்டவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மெல்லத் திரும்பி நிரஞ்சலாவைப் பார்த்தாள். நிரஞ்சலா அவளுடைய செருப்பையும் பையையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வென்றவளின் களை ஒரு துளியும் இல்லை. அதுவே பெரியாயிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"ஒன்னையப் போயி சொன்னேனேடி" என்றாள்.

"விடுங்கக்கா. காலப் பாப்போம்" என்றாள் நிரஞ்சலா.

காலை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. விரல் ஐந்தையும், அதோடு பாதத்தில் முன்பாதியையும் எடுத்தார்கள். குதிகால் மிஞ்சியது. நஞ்சு மேலே ஏறாமல் இருந்தால் அதை வைத்து ஊன்றி நடக்கலாம் என்றார் டாக்டர். கொழுந்து மலை இனி இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, பெரியாயியும் கேட்கவில்லை. மற்றக் காலை மட்டும் தினம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் உணர்ச்சி இல்லை, இனி நரம்பின் வேலையைக் கண்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் ஹாலிஎலவிலிருந்து வந்த ஸைனப் என்ற அம்மா இருந்தார். அவருக்கு முழங்காலோடு போயிருந்தது. முதல் நாள் அவரைப் பார்த்ததும், பரவாயில்லை, நமக்குக் குதிகாலாவது இருக்கிறது என்ற நினைப்பு பெரியாயிக்குத் தானாகவே ஓடி வந்தது. வந்த வேகத்தில் அதைக் கண்டு அவளே பயந்துபோனாள். போர்வையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் படுத்துக் கிடந்தாள்.

பார்வையாளர் நேரத்துக்கு வீரசிங்கம் வந்தான். பஸ் மாறி மாறி வந்த களைப்பு. சோற்றுப் பொட்டலமும் அவித்த பீன்ஸும் நிரஞ்சலா கொடுத்துவிட்டதாகச் சொல்லி எடுத்து வைத்தான். ஆடு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று தங்கவில்லை என்றான். கங்காணி விசாரித்தார் என்றான். கட்டுப் போட்ட காலைப் பார்க்காமல் பேசுவதற்கு அவன் படுகிற பாட்டைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் பார்த்துவிட்டான். பார்த்ததும் குரல் மாறியது.

"ஒனக்கு மட்டும் ஏன் இப்பிடி ஆச்சுன்னு எனக்கு வெளங்கவே இல்ல. நானும் அதே மலையிலதான் நிக்கிறேன். கவ்வாத்துக் கட்டை குத்தாத நாளு இல்ல. எனக்கென்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்."

பெரியாயி சோற்றில் வைத்த கையை எடுத்தாள். அந்தப் பேச்சை அவளுக்கு நன்றாகத் தெரியும். லயத்து வாசலில் உட்கார்ந்து அதை அவளே எத்தனையோ தரம் பேசியிருக்கிறாள்.

"ஏங்க, ஒங்களுக்குக் காலு எரிஞ்சிருக்கா?"

"அது ஒரு காலத்துல எரிஞ்சிச்சு. ஒங்க பொம்பளைங்க மாதிரி நான் அத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரிஞ்சேன்? பீடி ரெண்டு கூடக் குடிச்சேன். தானா போயிருச்சு."

"எப்ப?"

"யாரு கண்டா. போயி ரொம்ப நாளாச்சு."

ஜன்னலுக்கு வெளியே பதுளை மலைகளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.  தன் காலை வெட்டப் போகிறோம் என்று டாக்டர் சொன்னபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. கையைக் கழுவிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் காலைக் கட்டில்மேல் வைக்கச் சொன்னாள். நாலு பேர் பார்க்கிற இடம் என்று அவன் தயங்கினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தான். கவ்வாத்து மலையில் வெடித்து வெடித்துக் காய்ந்த, பட்டைபோல் தடித்த பாதம். அவள் அதைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவன் உள்ளங்காலை அவள் பார்த்ததே இல்லை.

"அங்கிட்டுத் திரும்பிக்கங்க. ஊக்கால குத்துவேன். குத்துனதும் சொல்லணும்."

"ஒனக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வீரசிங்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைப் பெரியாயி கழற்றித் திறந்தாள். பெருவிரலுக்குக் கீழே தொட்டாள். குதிகாலில் தொட்டாள். நடுப்பாதத்தில், வெள்ளையாக, கொஞ்சம் மெல்லிசாக இருந்த தோலில் வைத்து மெதுவாக அழுத்தினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாகவே அழுத்தினாள். ஊக்கு முனை உள்ளே போனது. எடுத்த இடத்தில் ரத்தம் ஒரு பொட்டாகக் கிளம்பி, திரண்டு, அவள் விரலில் வழிந்தது.

வீரசிங்கம் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குத்துறதுன்னா சீக்கிரம் குத்து பெரியாயி. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றான்.